ஐந்து நட்சத்திரச் சந்தை

மார்ச் 4, செவ்வாய்

இன்று சொல்லாமல் விட்டது: “அந்தப் பெட்டிகள் ஓடவில்லை, சார்.”

நாலே சொல். மாதாந்திரக் கூட்டத்தில் மேலாளர் திரையில் ஒரு பெரிய பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். துறைமுகச் சந்தைக் கடைகளுக்கு நாங்கள் கொடுத்த அறுபத்திரண்டு குளிர்பெட்டிகளைப் பற்றி ஆறு மாதத்தில் ஒரு புகார் கூட இல்லை. சேவைக்குக் கிடைத்த சராசரி, ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். “நம்ம கம்பெனியோட எந்தக் கிளையிலயும் இது நடந்ததில்ல,” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நேற்று சந்தை வழியாக வீட்டுக்கு நடந்து வந்தேன். பால்காரர் எங்கள் பெட்டி மேல் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருந்தார். பால் பக்கத்தில் ஐஸ் தொட்டியில். மீன்கடையிலும் ஐஸ்தான். அங்கே பெட்டி இருக்கிறது. அதன் தலையில் ஐஸ் உடைக்கிற சுத்தியல் இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை? கடைக்காரர்களுக்குப் போகும் ஒவ்வொரு செய்தியையும், படிவத்தையும், தொலைபேசியில் ஒலிக்கும் பதிவுக் குரலின் பேச்சையும் நாலு மொழியில் எழுதுகிறவள் நான். ஒரு புகாரும் வரவில்லை என்றால் என் எழுத்து அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். அதை நானே எழுந்து நின்று சொல்ல வேண்டுமா? — அதுதான் காரணமா, இல்லை, நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற பழக்கமே இல்லாததா? இரண்டும்தான்.

மார்ச் 6, வியாழன்

மீன் வாங்கப் போனேன். மீன் வாங்கவா போனேன்? மீன்கார அம்மாவுக்கு அது ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

“ஏ பொண்ணு, மீனைப் பாக்கறியா, பெட்டியைப் பாக்கறியா? மீனுதான் விற்பனைக்கு. பெட்டி சும்மாவே தரேன், தூக்கிட்டுப் போ.”

“பெட்டிக்கு என்னம்மா?”

“காலைல நல்லாத்தான் இருக்கும். மத்தியானம் ஆனா எனக்கும் அதுக்கும் ஒரே காய்ச்சல்.”

நான் எந்த அலுவலகம் என்று சொன்னேன். அவர் பயப்படவும் இல்லை, மரியாதையைக் கூட்டவும் இல்லை. கையிலிருந்த கத்தியை மட்டும் கீழே வைத்தார்.

“அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் அஞ்சு நட்சத்திரம் போட்டீங்க?”

“அதை நான் அவனுக்குத்தானே போட்டேன்!”

அவன் என்றால் எங்கள் மெக்கானிக். இந்தச் சந்தை முழுவதுக்கும் அவர் ஒருவர்தான். அவர் வந்து போனதும் கடைக்காரரின் போனுக்கு நான் எழுதிய செய்தி போகும்: ‘இன்று உங்களுக்குச் சேவை செய்தவர் ஊழியர் எண் 14. அவருக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’

“என் மக பிரசவத்துக்கு அவன் வண்டியிலதான் ஆஸ்பத்திரி போனோம். அவனுக்கு நாலு போடச் சொல்றியா நீ? நட்சத்திரம் கொறஞ்சா வேலை போயிடுமாமே. பெட்டி சூடானா அவன் என்ன பண்ணுவான் பாவம், உள்ள போயி உக்காந்து ஊதுவானா?”

மீன் வாங்காமல் வந்துவிட்டேன். வீட்டில் அக்கா திட்டினாள்.

மார்ச் 7, வெள்ளி

பெட்டி எப்படி இருக்கிறது என்று நாங்கள் யாரிடமும் கேட்கவே இல்லை.

மார்ச் 12, புதன்

நாலு நாளாக மதிய இடைவேளையைச் சந்தையில் கழிக்கிறேன். ஒரு குறை இருந்தால் மனிதர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள்? இத்தனை புத்தகம் படித்து என்ன, இந்தக் கேள்வி எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

பால்காரர் மலைப்பக்கத்து ஆள். அவரிடம் பெட்டியைப் பற்றிக் கேட்டேன்.

“ரொம்ப நல்ல பெட்டிங்க. ரொம்ப உறுதி.”

“பால் வைக்கறதில்லையே?”

“அவ்வளவு நல்ல பெட்டியில பாலை வெச்சு எதுக்கு அழுக்காக்கணும்?”

முகத்தில் கேலி துளிகூட இல்லை. சந்தையிலேயே கடை வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரர் பிறகு விளக்கினார்: அவர்கள் பக்கத்தில் ஒருவர் கொடுத்த பொருளை அவர் காதுபடக் குறை சொல்வது, அவரை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துவது மாதிரியாம். “மூணு தடவை நல்லாருக்குன்னு சொன்னாங்கன்னா எடுத்துட்டுப் போயிருங்கன்னு அர்த்தம். ரெண்டு தடவைதானே சொன்னாரு? இன்னும் நம்பிக்கை வெச்சிருக்காரு.”

பழச்சாறு கடைத் தம்பதி வேறு மாதிரி. அவர்கள் கடல் தாண்டி வந்து குடியேறியவர்கள். குறையை ஆளிடம் நேரே சொல்வதில்லை; நடுவில் மூன்றாவது ஆள் வேண்டும். அதற்கும் மருந்துக்கடைக்காரரே. நாங்கள் மூவரும் ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறோம். பழச்சாறு கடை அக்கா அவரிடம் சொல்கிறார்: “கதவு மேல் மூலையில காத்து போகுது.” எனக்கு நன்றாகக் கேட்கிறது. அவர் என் பக்கம் திரும்பி, “கதவு மேல் மூலையில காத்து போகுதாம்,” என்கிறார். நான் அவரிடம், “எப்போலேர்ந்துன்னு கேளுங்க,” என்கிறேன். அந்த அக்கா காதில் விழாத மாதிரி ஆரஞ்சு உரிக்கிறார். அவர் அதே கேள்வியைக் கேட்ட பிறகுதான், “ரெண்டாவது மாசத்துலேர்ந்து” என்று பதில் வருகிறது.

சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால் இதில் என்ன சிரிப்பு? யாருக்கும் முகம் சிவக்கவில்லை. வேலை நடந்தது.

நான் எழுதிய படிவத்தில் இந்த மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை.

மார்ச் 13, வியாழன்

இன்று மெக்கானிக்கைச் சந்தித்தேன். ஒரே கட்டடத்தில் ஆறு மாதமாக வேலை செய்கிறோம், பேசியதில்லை. மீன்கடைப் பெட்டி முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து கதவு ரப்பரின் மேல் மூலையில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். உப்புக்காற்றில் ரப்பர் இறுகி விலகுகிறது. காலைக் குளிரில் தெரியாது. வெயில் ஏறினால் உள்ளே இருக்கிற குளிரெல்லாம் அந்த வழியாகத் தெருவுக்குப் போய்விடுகிறது.

“டேப் மூணு நாள் தாங்கும். நாலாம் நாள் நான் வருவேன். அதனாலதான் இந்தச் சந்தையில எல்லார் வீட்டு விஷயமும் எனக்குத் தெரியும்,” என்றார்.

“மூணு நாளைக்கு ஒரு தடவை நீ வராட்டி எனக்கும் பொழுது போகாது,” என்றார் மீன்கார அம்மா.

ரப்பரைப் பற்றி ஏன் மேலே எழுதவில்லை என்று கேட்டேன்.

“என் படிவத்துல ஒரே கேள்விதாங்க. பழுது சரி செய்யப்பட்டதா, ஆம், இல்லை. சரி பண்ணேன். ஆம்னு போட்டேன். பொய்யா சொன்னேன்?”

இல்லை. அவரும் பொய் சொல்லவில்லை, கடைக்காரர்களும் சொல்லவில்லை. எல்லாரும் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய படிவத்தை எழுதியதும் நான்தான் என்று அவருக்குத் தெரியுமா? தெரிந்து சொன்ன மாதிரி இல்லை.

மார்ச் 17, திங்கள்

இதுவரை நான் பார்த்தது பதினேழு பெட்டிகள். எல்லாவற்றிலும் அதே மூலை. பதினேழும் ஒரே தயாரிப்புத் தொகுப்பு எண். அடுத்த மாதம் அதே தொகுப்பில் இன்னும் இருநூறு வருகிறது.

மேலாளரிடம் சொன்னேன். சொல்லியேவிட்டேன். அவர் கணினியைத் திறந்து, “புகார் எங்கம்மா இருக்கு? பூஜ்யம் இருக்கு. பூஜ்யத்தை வெச்சு நான் மேல என்ன பேசறது?” என்றார். கெட்டவர் இல்லை. திரையில் இருப்பதுதான் இருக்கிறது அவருக்கு.

அப்படியானால் திரையில் இருக்கட்டும். மதியம் உட்கார்ந்து பதினேழு கடைக்காரர்கள் பெயரிலும் நானே புகார் பதிந்தேன். அவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை. ‘கடைசியாக வந்த ஊழியர்’ என்று ஒரு கட்டம் தானாக நிரம்பியது. 14. அடுத்ததிலும் 14. பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

பதினேழாவதை அனுப்பியபோது முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். நல்ல காரியம் செய்த களைப்பு.

மார்ச் 19, புதன்

மெக்கானிக்கை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

‘செய்துவிட்டார்கள்’ — யார்? யாரும் இல்லை. ஒரே ஊழியர் எண்ணின் மேல் ஒரு மாதத்தில் மூன்று புகார் வந்தால் சிஸ்டம் தானாகவே கடிதம் அனுப்பும். பதினேழுக்கு எவ்வளவு வேகத்தில் அனுப்பியிருக்கும்.

காலையில் கருவிப் பையையும் வண்டிச் சாவியையும் மேலாளர் மேசையில் வைத்துவிட்டு நின்றார். நான் பிரிண்டர் பக்கத்தில்.

“பதினேழு பேரா சார்? யார் யாருன்னு மட்டும் சொல்லுங்க. சண்டைக்குப் போகல. நான் என்ன தப்பு பண்ணேன்னு அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்.”

“பேரு சொல்லக் கூடாதுப்பா. விதி.”

“மீன்காரம்மாவுமா?”

மேலாளர் சாவியை எடுத்து இழுப்பறையில் போட்டார். இந்தக் கேள்வி மூன்று பேர் இருந்த அறையில் என்னைப் பார்த்து வரவில்லை. ஆனால் பதில் என்னிடம்தான் இருந்தது. என் வாய்க்கு என்ன கேடு? என்ன கேடு அதுக்கு? தாள் வந்து விழுந்துக்கிட்டே இருக்கு, நான் அதை எடுத்து எடுத்து அடுக்கிட்டு நிக்கறேன்.

மார்ச் 20, வியாழன்

சந்தைக்குச் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது: மெக்கானிக் மேல் பதினேழு புகார். பெட்டியைப் பற்றி அவர்கள் வாய் திறந்தது என்னிடம் மட்டும்தான்.

“வாங்க மேடம்,” என்றார் மீன்கார அம்மா. முக்காலியைத் துடைத்துப் போட்டார். “உக்காருங்க மேடம். என்ன வேணும் உங்களுக்கு?”

‘ஏ பொண்ணு’ போயிற்று. ‘நீ’ போயிற்று. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டு வாங்கக் கூட ஒரு உறவு வேண்டும். பழச்சாறு கடை அக்கா மருந்துக்கடைக்காரரிடம் கூட எதுவும் சொல்லியனுப்பவில்லை. பால்காரர் என்னைப் பார்த்ததும், “ரொம்ப நல்ல பெட்டிங்க,” என்றார். மூன்றாவது தடவை.

மெக்கானிக் மருந்துக்கடை நிழலில் உட்கார்ந்திருந்தார். வழக்கம் போல எட்டு மணிக்கே வீட்டிலிருந்து கிளம்பி வந்திருக்கிறார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் முன்னால் போய் நின்று, இந்த முறை நேராகச் சொன்னேன். “பதினேழையும் எழுதுனது நான்தாங்க. அவங்க பெட்டியைப் பத்தித்தான் சொன்னாங்க. உங்க நம்பர் அதுல ஏறும்னு தெரியும். அது என்ன செய்யும்னு யோசிக்கல.”

பக்கத்திலிருந்த சாப்பாட்டுத் தூக்கை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“அப்போ அவங்க யாரும் எழுதலியா?”

“இல்ல.”

“ஒருத்தர் கூடவா?”

“ஒருத்தர் கூட இல்ல.”

கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “அது போதும்,” என்றார். பிறகு, “அது போதாதுங்க. ரெண்டு பிள்ளைங்க இருக்கு. வேலை திரும்ப வேணும். எப்படி வாங்கித் தருவீங்க?” என்றார்.



மார்ச் 22, சனி

அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மருத்துவமனையில் ரத்தம் எடுப்பவள். பிறர் வலியைக் கேட்டுக்கொண்டே காரியத்தைப் பார்க்கத் தெரிந்தவள். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“ஒரு வாய்ல நாலு மொழி. வேண்டிய நேரத்துல ஒண்ணும் வராது உனக்கு.”

“கிண்டல் பண்ணாதக்கா.”

“கிண்டல் இல்லடி. எங்க வார்டுல மொழி தெரியாதவங்க வந்தா ஒரு படம் குடுப்போம். முன்பக்கம், பின்பக்கம், வெறும் உடம்பு. எங்க வலிக்குதோ அங்க பேனாவால புள்ளி வைப்பாங்க. யாரு ஊசி போட்டா, அவங்க நல்லவங்களான்னு எல்லாம் அதுல கேக்கறதில்ல.”

சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். நான் எழுந்தே விட்டேன். “மடிச்சதைக் கலைக்காம போ,” என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

பெட்டி வந்த அட்டையிலேயே பெட்டியை வரைந்தேன், ஆளுயரத்துக்கு. முன்பக்கம், பின்பக்கம், கதவு திறந்த நிலை. எழுத்து ஒன்றும் இல்லை. பெயர் எழுத இடமில்லை, எண் எழுத இடமில்லை. நூலில் கட்டிய சிவப்புப் பேனா. மருந்துக்கடைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தள்ளி நின்றேன். மேலாளரிடம் கேட்கவில்லை.

அரை மணி நேரம் எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். கடைசியில் மீன்கார அம்மா வந்தார்.

“இது என்ன மேடம், கல்யாணத்துக்குப் பொண்ணு காட்டறீங்களா?”

“எங்க வலிக்குதுன்னு புள்ளி வைங்கம்மா. யார் பேரும் இதுல வராது.”

“அவன் பேரு?”

“வராது. இடமே இல்ல, பாருங்க.”

முன்னும் பின்னும் பார்த்தார். அட்டையைத் திருப்பியும் பார்த்தார். பிறகு செதில் ஒட்டிய கையால் கதவின் மேல் மூலையில் ஒரு புள்ளி வைத்தார். புள்ளியா அது, பொத்தல்.

அப்புறம் கூட்டம்தான். பழச்சாறு கடை அக்கா எங்கே வைக்க வேண்டும் என்று மருந்துக்கடைக்காரரிடம் சொன்னார், அவர் வைத்தார். “கொஞ்சம் மேல,” என்றார் அக்கா. அவர் அதை அடித்துவிட்டு மறுபடி வைத்தார். யாரோ பெட்டியின் காலில் வைத்தார்கள். ஆட்டம் இருக்கிறதாம், அது நான் அறியாதது. ஒருவர் பின்பக்கம் முழுவதும் வட்டம் போட்டார்: இரைச்சல். பால்காரர் கடைசியில் வந்தார். மூலையைத் தொட்டு, பேனாவை மிக மெதுவாக அழுத்தி, குழந்தைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி வைத்தார்.

மாலை எண்ணினேன். எழுபத்தொன்று. அதில் மேல் மூலையில் மட்டும் நாற்பத்தொன்பது. பதினேழு என்று நினைத்திருந்தேனே!

மார்ச் 26, புதன்

தலைமை அலுவலகத்துக்குக் கடிதம். அவர்களும் ஒரு ஊர்தான். அங்கேயும் பேச்சுக்கு ஒரு முறை இருக்கிறது: முதல் இரண்டு வரிக்கு மேல் படிக்க மாட்டார்கள், நலம் விசாரித்தால் சந்தேகப்படுவார்கள், எண் இல்லாத வாக்கியத்தை வாக்கியமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஐந்து முறை எழுதினேன். முதல் வரி: ‘இந்தச் சந்தையில் நாற்பத்தொன்பது பேர் கதவின் ஒரே மூலையைக் காட்டுகிறார்கள், அடுத்த இருநூறு பெட்டிகளிலும் அதே ரப்பர் இருக்கிறது.’ இரண்டாவது வரி: ‘ஊழியர் 14 மேல் யாரும் புகார் சொல்லவில்லை, அந்தப் பதினேழையும் வாடிக்கையாளர் பெயரில் பதிந்தது நான்.’ கீழே அட்டையின் படம்.

மேலாளர் இரண்டு தடவை படித்தார். படத்தைப் பெரிதாக்கி அந்தச் சிவப்பு மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதை நான் அனுப்பறேன். ரெண்டாவது வரியை மட்டும் எடுத்துடும்மா. சந்தைக்காரங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு எழுதிக்கலாம். வாடிக்கையாளர் பேர்ல நீயே பதியறது போலிப் பதிவு. உன் ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது, ஞாபகம் இருக்கா?”

“அவங்க எதையும் தப்பாப் புரிஞ்சுக்கல சார்.”

“எனக்குத் தெரியும். உனக்காகச் சொல்றேன்.”

அந்த வரி இல்லாவிட்டால் பதினேழு புகாரும் மெக்கானிக் மேல் அப்படியே நிற்கும். எடுக்கவில்லை. அவர் பெருமூச்சு விட்டு, பொத்தானை அழுத்தினார். தன் பெயரையும் கீழே சேர்த்தார் என்பதை நகலில்தான் பார்த்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

பதில் இல்லை. மெக்கானிக் மனைவியிடம் சொல்லிவிட்டார். “அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். சட்டை அழுக்கே ஆகலியேன்னு பாத்திருக்கா,” என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பதில் வந்தது. மூன்று வரி. இருநூறு பெட்டிகளும் கிடங்கிலேயே நிறுத்தப்படுகின்றன. ஊழியர் 14 விஷயம் பரிசீலனையில். பதிவுகள் பற்றி என்னிடமிருந்து எழுத்து மூலமான விளக்கம் தேவை.

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை, என்ன செய்தேன் என்பதை மட்டும் நடந்த வரிசையில்.

ஏப்ரல் 17, வியாழன்

அட்டையை எங்கள் கிளைக்கு மட்டும் சோதனையாக ஏற்றுக்கொள்கிறார்களாம். ‘யார்’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு ‘எங்கே’ என்று கேட்கும் படிவத்தின் மாதிரியை வேறு ஒருவர் அங்கிருந்து வரைந்து அனுப்பியிருக்கிறார். நன்றாகவே இருக்கிறது. ஆனால் மூன்றாவது ஆளுக்கு இடம் விடவில்லை. மருந்துக்கடைக்காரரைப் பற்றி அவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். ஒருவேளை படிப்பார்கள். முதல் வரியிலேயே எண் போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 28, திங்கள்

மெக்கானிக் இன்று வேலைக்குத் திரும்பினார். புது ரப்பர் இரண்டு கட்டு வந்திருக்கிறது. மதியத்துக்குள் ஒன்பது பெட்டிக்கு மாட்டிவிட்டாராம், மருந்துக்கடைக்காரர் போனில் சொன்னார். என் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அவர்கள் அதைப் புதுப்பிக்கவில்லை.